குழாய் எந்தப் பக்கம் பார்ப்பது

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எட்டாம் வகுப்பு முடித்ததும் திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். காலையில் மூட்டை இறங்கியதும் ஏலம் கூவ வேண்டும். நான் கூவினால் மூன்றாவது மூட்டைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்காது. "யாருய்யா அது, வெங்காயத்துக்கிட்ட ரகசியம் பேசுறது?" என்று மூட்டை தூக்குகிறவர் ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து மார்க்கெட்டில் என் பெயரே ரகசியம் ஆகிவிட்டது. முதலாளி என்னைக் கூவும் வேலையிலிருந்து எடுத்துச் சீட்டு எழுத வைத்தார். அப்படியும் நாளுக்கு இரண்டு முறையாவது, "ரகசியம், அந்தப் பக்கம் ஒரு குரல் கொடு" என்பார். கொடுப்பதாக வாயைத் திறப்பேன். ஒன்றும் வராது. எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வருடங்களுக்கு மேல் இப்படியே ஓடியது.

அதனால் ஊர்ப் பஞ்சாயத்தில் கிளார்க் வேலை கிடைத்தபோது எனக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி இருந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் வடக்கே, கொள்ளிடம் பக்கமாக எங்கள் ஊர். வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று இரண்டு தெருக்கள். நடுவில் பஞ்சாயத்து ஆபீஸ். மேற்கே ஒரு வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டித் தனியாக ஒரு வீடு, அது என்னுடையது. ஆபீஸ் என்றால் ஓட்டுக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, சாவி தொலைந்த பீரோ. நாள் முழுவதும் பேனா கீறுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் ரேடியோ வந்தது.

ஊருக்கு ஒன்று என்று பஞ்சாயத்துகளுக்கு அரசாங்கம் ரேடியோ கொடுத்துக்கொண்டிருந்த காலம். பெட்டியை ஆபீசுக்குள் வைத்தார்கள். சத்தம் வருவதற்குப் புனல் மாதிரி ஒரு பெரிய குழாய். அதை வாசலில் கம்பம் நட்டு உச்சியில் கட்டினார்கள். மாலையானால் விவசாயிகளுக்கு நியூஸ், பிறகு நாதஸ்வரம். கம்பத்தில் ஏறிக் கட்டியவர் எதேச்சையாக வடக்குத்தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டார். வடக்குத்தெருவுக்கு நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது. தெற்குத்தெருவுக்குச் சளி பிடித்தவர் வாசிப்பது போலக் கேட்டது.

மறுநாள் குழாய் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாள் வடக்கே. யார் ஏறினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் இப்படி நடந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் இரண்டு தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் கம்பத்தடிக்கு வந்துவிட்டார்கள். கம்பம் சாய்ந்தது. மூன்று பேருக்குத் தலையில் தையல். போலீஸ் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர், "உங்களுக்கும் உங்க நாதஸ்வரத்துக்கும் ஒரு கும்பிடு" என்று சொல்லி, மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார்.

ரேடியோ பெட்டியைப் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி வடக்குத்தெரு வாழைத்தோப்புக்காரர் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனார். அவர் பஞ்சாயத்து உறுப்பினர், அந்தத் தெருவில் பெரியவர். வாய்க்காலில் உருண்டு விழுந்த குழாயைத் தெற்குத்தெரு சைக்கிள் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அவரும் உறுப்பினர். அவர் வீட்டில் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூட அது மிகவும் வசதியாக இருந்ததாம். பெட்டி இருந்த இடத்தில் குழாய் இல்லை. குழாய் இருந்த இடத்தில் பெட்டி இல்லை. ஒரு வருடம் ஊரில் நாதஸ்வரமும் இல்லை, இரண்டு தெருவுக்கும் பேச்சும் இல்லை. சண்டைக்கு முன்னால் அந்த இருவரும் மாமா, மாப்ளே என்று ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை விட்டவர்கள். இப்போது 'அந்தத் தெரு ஆளு' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. மாதம் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதியாக வேண்டும். கூப்பிட்டால் யாரும் வரவில்லை. நான் தீர்மானப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். முதல் மாதம் வடக்குத்தெருவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தெற்குத்தெருவுக்குப் போனேன். சைக்கிள் கடைக்காரர் பக்கத்தைப் பார்த்தார்.

"அவங்க போட்டதுக்கு அடியில நான் போடணுமா? நல்லா இருக்கே."

"எடம் அங்கதாங்க இருக்கு."

"அப்ப அடுத்த பக்கத்துல எடம் இருக்கான்னு பாருங்க."

அடுத்த மாதம் தெற்கில் தொடங்கினேன். தோப்புக்காரர் அதையே சொன்னார். மூன்றாவது மாதம் எனக்கு ஒரு யோசனை வந்தது. தீர்மானத்தை இடது பக்கத்தில் எழுதினேன். வலது பக்கத்தைக் கையெழுத்துக்காக வெறுமனே விட்டேன். வடக்குத்தெருக்காரர்கள் மேலிருந்து போட்டுக்கொண்டு வந்தார்கள். தெற்குத்தெருவுக்குப் போனதும் புத்தகத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்தேன். பக்கத்தின் அடி இப்போது அவர்களுக்கு உச்சி. சைக்கிள் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். "இது சரி" என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தெருக் கையெழுத்தும் பக்கத்தின் நடுவில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

இப்படியே ஒரு வருடம் பஞ்சாயத்து நடந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை கூட மாற்றினோம். வடக்குத்தெரு மூங்கில் கொடுத்தது, தெற்குத்தெரு கீற்றுக் கொடுத்தது. மூங்கில் கட்ட ஒரு நாள், கீற்று வேய வேறொரு நாள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை, ஆனால் மழை ஒழுகவில்லை.

அப்போதுதான் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இனிமேல் தங்கள் ஊருக்கு வேண்டிய வேலைகளைப் பஞ்சாயத்துகளே திட்டம் போட்டுச் செய்துகொள்ளலாம். ஆனால் தகராறு நடந்த ஊர்களுக்கு ஒரு அதிகாரி நேரில் வந்து, அந்தத் திறன் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

பக்கத்து ஊரில் ஏற்கெனவே ஒரு கிளார்க் இருந்தார். கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலேயே அறிவிப்புச் செய்கிறவர். இரண்டு ஊர் சேர்ந்தால் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் சொன்னேன். என் மனைவி என்னைப் போல இல்லை. வாய்க்காலுக்கு இந்தக் கரையிலிருந்து பேசினால் அந்தக் கரையில் பதில் வரும்.

"மண்டிக்காரரு இன்னும் உங்கள ஞாபகம் வெச்சிருப்பாரா?" என்று கேட்டாள்.

"மறந்திருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"அப்ப வேண்டுதல சத்தமா சொல்லுங்க. சாமிக்கும் கேக்க வேணாமா?"

கடிதத்தோடு கேள்விகள் அச்சடித்த தாள் ஒன்று வந்திருந்தது. கட்டடம் உண்டா? உண்டு. தளவாடம்? பெஞ்சு, மேசை எல்லாம் எழுதினேன். ஊழியர்? நானும் தெரு கூட்டும் அம்மாளும். ஊர் வரைபடம்? கணக்குப்பிள்ளையிடம் வாங்கிப் பார்த்து வரைந்து வைத்தேன். வாய்க்கால் கொஞ்சம் பாம்பு மாதிரி வந்துவிட்டது. கடைசி இரண்டு கேள்விகளில்தான் பேனா நின்றது. தகராறுக்குப் பிறகு உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து கூடியதுண்டா? ஊரின் தேவைகளில் எது முதலில் என்று அவர்களே முடிவு செய்ய முடியுமா?

அந்த இரண்டையும் காலியாக விட்டேன்.

அதிகாரி வரும் நாளில் இரண்டு தெருவும் தனித்தனியாகத் தயாராயின. இணைப்பு வந்தால் ஊரின் பெயரே போய்விடும் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. ஆனால் அதற்காகப் பேசிக்கொள்வதா? அவரைக் கூட்டி வரத் திருவானைக்காவல் பஸ் நிற்கும் இடத்துக்கு வடக்குத்தெரு ஒரு குதிரை வண்டி அனுப்பியது. தெற்குத்தெரு, கலர் காகிதம் சுற்றிய ஐந்து சைக்கிள்களை அனுப்பியது. இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன். அவர் எதில் ஏறினாலும் எனக்கு ஆபத்து. திருச்சியிலிருந்து ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. அதிகாரி இறங்கவே இல்லை. மூன்றாவது பஸ்ஸும் போன பிறகு குதிரைக்கே பொறுமை போய்விட்டது.

திரும்பி வந்தால் அவர் எங்கள் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பேண்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். அவருடைய காகிதங்கள் வாசல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்.

"ஐயா, எப்படி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஸ்ரீரங்கத்துல ஒரு வேலை இருந்துச்சுங்க. அங்க எறங்கி வயல் வழியா நடந்து வந்தேன். கடைசிக் கொஞ்ச தூரம் நீந்தி வந்தேன்."

வாய்க்கால் மேல் எங்களுக்கு இருந்த பாலம் ஒரே ஒரு பனைமரத் தண்டு. நான் தினமும் அதில்தான் ஆபீஸ் வருவேன். பழகாத கால் வைத்தால் அது கொஞ்சம் உருளும்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் காலியாக விட்ட இடத்தில் கண் நின்றது. தீர்மானப் புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"என்னங்க இது? பாதிப் பேரு தலைகீழா நின்னு கையெழுத்துப் போட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன். நான் சொல்வது கேட்பதற்காக அவர் நாற்காலியை இரண்டு தடவை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பள்ளிக்கூடக் கூரைய இப்படித்தான் மாத்தினீங்களா?"

"ஆமாங்க."

"இங்க பாருங்க. மேசை இருக்கு, பீரோ இருக்குன்னு நான் எழுதிட்டுப் போயிடலாம். ஆனா இந்தப் புத்தகத்த மேல காட்டினா, இதுக்குப் பேரு கூட்டமான்னு என்னையே கேப்பாங்க. ஒரே ஒரு கூட்டம் என் கண்ணு முன்னால நடக்கட்டும். முதல்ல செய்ய வேண்டிய வேலை எதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். பண்ணிட்டா, திறன் உண்டுன்னு எழுதுறேன். இல்லைன்னா எனக்கு வேற வழியில்லைங்க."

மதியம் எல்லோரும் வந்தார்கள். அதிகாரி சொன்னால் வராமல் இருக்க முடியுமா? வடக்குத்தெருக்காரர்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தெற்குத்தெருக்காரர்கள் சைக்கிள் கடையிலிருந்து தங்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுவில் மேசை, மேசைக்குப் பக்கத்தில் நானும் அதிகாரியும். கையை நீட்டினால் ஒரு பெஞ்சுக்காரர் இன்னொரு பெஞ்சுக்காரரின் மூக்கைத் தொடலாம்.

தோப்புக்காரர் தொண்டையைச் செருமினார். என்னைத்தான் பார்த்தார்.

"கிளார்க் தம்பி, அந்தத் தெருக்காரங்ககிட்ட சொல்லுங்க. எங்களுக்கு முதல்ல வாய்க்கால் பாலம் வேணும்."

எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. இருந்தாலும் ஒரு வருடப் பழக்கம். நான் திரும்பி, "பாலம் வேணுமாம்" என்றேன்.

"எங்க வேணுமாம்னு கேளுங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"எங்கன்னு கேக்குறாங்க."

"வடக்குத்தெரு முக்குலன்னு சொல்லுங்க."

"அப்ப நாங்க பாலத்துக்குப் போறதுக்கு ஒரு பஸ் விடச் சொல்லுங்க."

தெற்குப் பெஞ்சு சிரித்தது. நான் அதையும் சொன்னேன். என் குரல் கம்மத் தொடங்கியது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோப்புக்காரரின் முகம் சிவந்தது.

"சர்க்கார் குழாயக் கவுத்துப் போட்டுக் கோழி வளர்த்தவங்களுக்குப் பாலம் எதுக்குன்னு கேளுங்க தம்பி. அந்தக் கோழிங்களுக்கு நீச்சல் தெரியாதான்னு கேளுங்க. சத்தமாக் கேளுங்க!"

நான் தெற்குப் பெஞ்சு பக்கம் திரும்பினேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அதே மண்டி. அதே முகங்கள் மாதிரி இருந்தது. நெற்றியில் வேர்த்துக் கண்ணில் இறங்கியது. வெங்காய வாசனை கூட வந்தது என்று சத்தியம் செய்வேன். முடிந்தது, நாளைக்குக் காந்தி மார்க்கெட்தான் என்று தோன்றியது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.



"அவருக்கு எப்படி வேர்க்குது பாருங்க. யாராச்சும் தண்ணி குடுங்கய்யா" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"பச்சத் தண்ணி குடுத்துடாதீங்க. சுக்குக் காப்பி போட்டு எடுத்தாரச் சொல்லுங்க" என்றார் தோப்புக்காரர்.

"மயக்கம் வர்ற ஆளுக்குச் சுக்குக் காப்பியா? என்ன மாமா நீங்க!"

"ஏன் மாப்ளே, உன் தம்பி மயங்கி விழுந்தப்ப எதக் குடுத்து எழுப்பினோம்?"

"அது பித்தம் மாமா. இது பயம்."

"பயத்துக்கும் சுக்குதான்."

"பயத்துக்கு மோரு. நல்லா உப்புப் போட்டு."

சொல்லிவிட்ட பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. தோப்புக்காரர் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். சைக்கிள் கடைக்காரர் கூரையில் ஏதோ ஓட்டை தேடினார். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் விடவில்லை. மோருக்கு ஒரு கட்சி, சுக்குக்கு ஒரு கட்சி, அதுவும் தெருவைப் பார்த்துப் பிரியவில்லை. வடக்குத்தெருக்காரர் ஒருவர் மோர் பக்கம் போய்விட்டார். கடைசியில் மோர் ஜெயித்தது.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அதிகாரி என் தோளில் கை வைத்து அழுத்தினார். காதுக்குப் பக்கத்தில் வந்து, "எழுந்திரிக்காதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க" என்றார். நான் பேசியதை விட மெதுவாக அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மோர் வந்தது. குடித்தேன். அது வரை பாதி நிஜமாக இருந்த மயக்கம் அதற்குப் பிறகு முழுக்க நடிப்புதான். என் தலைக்கு மேல் பேச்சு போய்க்கொண்டிருந்தது.

"சரி, பாலத்துக்கு வாங்க மாமா. உங்க முக்குல போட்டா எங்க பிள்ளைங்க சுத்திக்கிட்டு வரணும்."

"உங்க முக்குல போட்டா என் வாழைத்தார் வண்டி திரும்பாது மாப்ளே."

"அப்ப ஐயா விழுந்த எடத்துலயே போட்டுடுவோம்."

எல்லோரும் அதிகாரியின் ஈரப் பேண்டைப் பார்த்தார்கள். அவர் விழுந்த இடம் இரண்டு தெருவுக்கும் சரியாக நடுவில் இருந்தது. அங்கே கரை அகலம் என்று ஒருவர் சொன்னார். அடியில் கெட்டித் தரை, அஸ்திவாரம் நிற்கும் என்று இன்னொருவர். மணலும் மூங்கிலும் வடக்குத்தெரு; கொத்தனார், சித்தாள் தெற்குத்தெரு; கல்லும் சிமெண்டும் யூனியன் கொடுத்தால் போதும். கோடைக்கு முன்னால் கிணறு தூர் வாருவது இரண்டாவது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மூன்றாவது. கூரை வேய வேறு வேறு நாளில் வந்தவர்கள் இதையெல்லாம் இப்போது ஒரே மூச்சில் பேசி முடித்தார்கள். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து வேகமாக எழுதினார்.

தீர்மானத்தை நான் எழுதினேன். கையெழுத்துக்காகப் புத்தகத்தை மேசை நடுவில் வைத்தேன். வடக்குப் பெஞ்சு ஒரு பக்கம், தெற்குப் பெஞ்சு எதிர்ப்பக்கம். தோப்புக்காரர் தன் பக்கத்து நுனியில் குனிந்தார், சைக்கிள் கடைக்காரர் தன் பக்கத்து நுனியில் குனிந்தார். இரண்டு பேனா. புத்தகத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் அது தானாகவே அப்படித்தான் விழுகிறது.

போகும் முன்னால் அதிகாரி சொத்துப் பட்டியலைக் கேட்டார். ரேடியோ ஒன்று, குழாய் ஒன்று என்று நான் ஒழுங்காகத்தான் எழுதி வைத்திருந்தேன். "காட்டுங்க" என்றார். பெட்டி வந்தது. குழாயும் வந்தது, உள்ளே இரண்டு இறகு ஒட்டிக்கொண்டு. பின்னாலேயே தாய்க்கோழியும் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது.

"இது எந்தப் பக்கம் பாக்கணும்னும் இப்பவே முடிச்சுடுங்க. மறுபடியும் என்னால நீந்த முடியாது."

வடக்கே பார்க்க முடியாது. தெற்கே பார்க்க முடியாது. கிழக்கே வெறும் வயல்.

"மேற்கே திருப்பிடலாமா மாமா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். "ரெண்டு தெருவுக்கும் ஒரே அளவாக் கேக்கும்."

"மேற்கே கிளார்க் தம்பி வீடுல்ல இருக்கு?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏகமனதாக நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தையும் என் கையாலேயே எழுதினேன்.

அன்று வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பங்கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வீட்டுல பேச்சுத் துணை இல்லன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். பஞ்சாயத்தே பாத்து ஒரு ஏற்பாடு பண்ணிடுச்சு."

அதிகாரியின் அறிக்கையின் நகல் பிறகு ஆபீசுக்கு வந்தது. இரு தரப்பும் கூடிப் பேசி, ஊருக்குத் தேவையானதைத் தாங்களே வரிசைப்படுத்தித் திட்டமிடும் திறன் உண்டு என்று எழுதியிருந்தார். இணைக்கத் தேவையில்லை என்று அதற்குக் கீழே. கடைசி வரி மட்டும் என்னைப் பற்றியது: கிளார்க்கின் உடல்நிலையை உறுப்பினர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். கவனித்துக்கொண்டார்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும் மோர் கொடுத்தார்கள்.

பாலம் கட்டி முடிந்ததும் முதலில் அதில் நடந்தது நான்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். அறுபதுகள் முழுவதும் நான் அந்த ஊரிலேயே கிளார்க்காக இருந்தேன். மண்டிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

மாலையானால் குழாய் என் வாசலைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடும். வாழைக்கு வரும் நோய், நெல்லுக்கு வரும் பூச்சி, அப்புறம் நாதஸ்வரம். அந்தச் சத்தத்துக்கு மேல் என் மனைவி பேசுவாள், நான் தலையாட்டுவேன். எல்லாம் பழகிவிட்டது. காந்தி மார்க்கெட் வெங்காய விலை சொல்லும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.